களம் கேள்வி பதில்: காலேஜ் மைதானத்திலிருந்து புரொஃபஷனல் சாஃப்ட்பாலுக்கு

கே: நான் பல்கலைக்கழக அணியில் சாஃப்ட்பால் ஆடுகிறேன். அமெரிக்காவில் காலேஜ் பெண்களை புரொஃபஷனல் லீக்குக்கு 'டிராஃப்ட்' செய்கிறார்கள் என்று படித்தேன். நம் கிரிக்கெட் ஏலம் மாதிரிதானா அது? (வாசகி, கோவை)

ப: இல்லை, அடிப்படையே வேறு. ஏலத்தில் பல அணிகள் ஒரே வீராங்கனைக்காக விலையை ஏற்றிக்கொண்டே போகும், 2023-ல் பெண்கள் பிரீமியர் லீகின் முதல் ஏலத்தில் ஸ்மிருதி மந்தனாவின் விலை 3.40 கோடிக்குப் போனது அப்படித்தான். டிராஃப்டில் விலையே பேசுவதில்லை. அணிகள் வரிசையாக ஒவ்வொரு பெயராகச் சொல்லும், ஒரு அணி உங்கள் பெயரைச் சொல்லிவிட்டால் அந்த லீகில் உங்களுடன் ஒப்பந்தம் பேசும் உரிமை அந்த அணிக்கு மட்டும்தான். நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாரும் ஒரே அணியில் குவிந்துவிடாமல் இருக்க இது உதவுகிறது என்பது உண்மை, ஆனால் பேரம் பேசும் பலம் ஆடும் பெண்ணின் கையை விட்டுப் போய்விடுகிறது என்பதும் உண்மை.

யாரை முதலில் எடுப்பார்கள் என்று கேட்டால், பெரும்பாலும் பிட்சரை, அதாவது பந்து வீசுபவரைத்தான். சாஃப்ட்பால் பேஸ்பால் மாதிரியான ஏழு இன்னிங்ஸ் ஆட்டம், பந்து கீழிருந்து சுழற்றி வீசப்படுகிறது, 43 அடி தூரம்தான். ஒரு நல்ல பிட்சர் ஓர் ஆட்டத்தையே தனியாகத் தூக்கி நிறுத்திவிடுவார். முன்பு அமெரிக்காவில் இருந்த நேஷனல் புரோ ஃபாஸ்ட்பிட்ச் லீகில் 2006-ல் கேட் ஆஸ்டர்மன், 2007-ல் மோனிக்கா அபாட், 2013-ல் கெய்லானி ரிக்கெட்ஸ் ஆகியோர் முதல் தேர்வாக வந்தார்கள், மூவருமே இடதுகை பிட்சர்கள். 2015-ல் லாரன் சேம்பர்லைன் என்ற பேட்டர் முதலில் போனார். காலேஜில் 95 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி, பந்தை வேலிக்கு வெளியே அடிப்பது) அடித்தவர், அது அப்போதைய சாதனை. அந்தச் சாதனையை 2022-ல் தாண்டி 122 வரை போன ஜோசலின் ஆலோ அதே ஆண்டு வுமன்ஸ் புரொஃபஷனல் ஃபாஸ்ட்பிட்ச் என்ற புது லீகின் முதல் தேர்வானபோது, அந்த லீகின் கமிஷனராக இருந்தவர் சேம்பர்லைனேதான். இரண்டு பேரும் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் ஆடியவர்கள். எனக்கு மிகவும் பிடித்த தகவல் இது.

கே: என் மகளுக்கு 16 வயது, டெக்சாஸில் இருக்கிறோம், வாரக்கடைசி முழுக்க டிராவல் பால் (ஊர் ஊராகப் போய் ஆடும் கிளப் அணி) ஆட்டம்தான். 'டிராஃப்டில் வருவேன், அதுதான் என் வேலை' என்கிறாள். அவள் ஆசையைக் கெடுக்க மனமில்லை. ஆனால் அதில் பிழைக்க முடியுமா? (ஒரு அப்பா, டாலஸ்)

ப: சார், நேராகவே சொல்கிறேன். இத்தனை ஆண்டுகளாக பதில் 'முடியாது' என்பதுதான். இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது, ஆனால் உங்கள் கவலை நியாயமானது.

பெண்களுக்கான புரொஃபஷனல் சாஃப்ட்பால் புதிதல்ல. 1976-லேயே டென்னிஸ் வீராங்கனை பில்லி ஜீன் கிங், பிட்சர் ஜோன் ஜாய்ஸ் போன்றவர்கள் சேர்ந்து ஒரு லீக் தொடங்கினார்கள், நான்கு சீசன் ஓடி நின்றுபோனது. அப்புறம் 1997-ல் ஒரு முயற்சி, அதுவும் சில ஆண்டுகள்தான். 2004-ல் வந்த நேஷனல் புரோ ஃபாஸ்ட்பிட்ச் 2021 வரை தாக்குப்பிடித்தது, ஆனால் அங்கே ஒரு அணி தன் ஆட்டக்காரர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரு சீசனுக்குத் தரக்கூடிய மொத்தச் சம்பளத்தின் உச்சவரம்பே 1,50,000 டாலர் அளவில்தான் இருந்தது. இருபது பேருக்குப் பிரித்துப் பாருங்கள். காலேஜில் பல்லாயிரம் பேர் முன்னால் ஆடிய பெண், டிராஃப்டில் பெயர் வந்த சந்தோஷத்தோடு போய் கோடையில் லீகில் ஆடிவிட்டு, மீதி நாட்களில் பயிற்சி சொல்லிக்கொடுத்துப் பிழைத்தாள். திறமைக்கு இப்படி ஒரு விலை வைத்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

2016-ல் மோனிக்கா அபாட்டுக்கு ஸ்கிராப் யார்ட் டாக்ஸ் அணி ஆறு ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் என்று ஒப்பந்தம் போட்டது பெரிய செய்தியானது. அதிலும் அடிப்படைச் சம்பளம் சின்னதுதான், பெரும்பகுதி மைதானத்துக்குக் கூட்டம் வருவதைப் பொறுத்த போனஸ், ஏனென்றால் போனஸ் அந்த உச்சவரம்பில் சேராது.

சரி, இப்போது என்ன நிலைமை? 2025-ல் அத்லீட்ஸ் அன்லிமிடெட் சாஃப்ட்பால் லீக் நான்கு அணிகளோடு தொடங்கியது. கமிஷனர் கிம் இங், முன்பு மயாமி மார்லின்ஸ் பேஸ்பால் அணியின் பொது மேலாளராக இருந்தவர். ஆண்களின் மேஜர் லீக் பேஸ்பாலும் இதில் பணம் போட்டிருக்கிறது. முதல் ஆண்டு ஊர் ஊராகச் சுற்றி ஆடினார்கள், டாலன்ஸ் அணி கோப்பையை வென்றது. 2026-க்கு ஆறு அணிகள், ஒவ்வொன்றுக்கும் சொந்த ஊர்: சிகாகோ, போர்ட்லேண்ட், ஓக்லஹோமா சிட்டி என்று, உங்கள் டெக்சாஸுக்கும் ஒன்று. முதல் சீசன் சம்பளம் சராசரியாக 45,000 டாலர் அளவில் என்று சொன்னார்கள், போனஸ் தனி. இரண்டு மாத சீசனுக்கு அது மோசமில்லை, ஆனால் வீட்டு வாடகையை அதை மட்டும் நம்பி ஓட்டச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்றையும் பாருங்கள். நைஜாரி கேனடி என்ற பிட்சர் 2024-ல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து டெக்சாஸ் டெக்குக்கு மாறியபோது ஓராண்டுக்கு 10,50,024 டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. அந்தக் கடைசி 24 அவருடைய ஜெர்சி எண். அதாவது ஒரு காலேஜ் பெண்ணுக்கு, காலேஜில் இருக்கும்போதே, புரொஃபஷனல் லீகின் சராசரியைவிட இருபது மடங்குக்கு மேல். அப்படிக் கிடைப்பவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான், அதை வைத்து உங்கள் மகளுக்குக் கணக்குப் போடாதீர்கள். ஆனால் ரசிகர்களும் டிவியும் பணமும் இப்போதைக்குக் காலேஜ் பக்கம்தான் என்பது இதில் தெரிகிறது, அந்தக் கூட்டத்தை லீகுக்குக் கொண்டுவரத்தான் டிராஃப்டே.

அதனால் மகளிடம் டிராஃப்டை மறக்கச் சொல்லாதீர்கள், முதலில் காலேஜ் இடத்தைப் பற்றிப் பேசுங்கள். பதினோராம் வகுப்புத் தொடங்கும் ஆண்டின் செப்டம்பர் 1 முதல்தான் காலேஜ் விளையாட்டின் மேல்மட்டமான டிவிஷன் ஒன் பயிற்சியாளர்கள் மாணவியிடம் நேரடியாகப் பேசலாம் என்பது விதி, உங்களுக்கு அந்த நேரம்தான் இது. முன்பு ஒரு அணிக்குப் பன்னிரண்டு முழு ஸ்காலர்ஷிப், அதைப் பலருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். இப்போது புது ஏற்பாட்டில் சேர்ந்த காலேஜ்களில் 25 பேர் வரை அணியில் இருக்கலாம், அத்தனை பேருக்கும் ஸ்காலர்ஷிப் கொடுக்கலாம், கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. பேசும்போது எத்தனை சதவீதம், எத்தனை ஆண்டுக்கு என்று வாய்விட்டுக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

கே: 'கோல்டன் டிக்கெட்' என்கிறார்களே, அது என்ன? (வாசகர், திருச்சி)

ப: 2025 டிராஃப்டுக்காக அத்லீட்ஸ் அன்லிமிடெட் லீக் செய்த ஏற்பாடு. காலேஜ் சீசன் நடந்துகொண்டிருக்கும்போதே, கடைசி ஆண்டு வீராங்கனைகள் பன்னிரண்டு பேரை அவர்கள் காலேஜுக்கே தேடிப்போய், சொல்லாமல் கொள்ளாமல் முன் நின்று தங்க நிறச் சீட்டைக் கொடுத்தார்கள். லீகில் இடம் உறுதி என்று அர்த்தம். எந்த அணி என்பது மே 3-ம் தேதி டிராஃப்டில் தெரிந்தது, முதல் பெயர் ஓக்லஹோமா பிட்சர் சாம் லாண்ட்ரி, எடுத்தது வோல்ட்ஸ் அணி. தோழிகள் சுற்றி நின்று கத்த, அந்தப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுத வீடியோக்களைத் தேடிப் பாருங்கள்.

கே: டிராஃப்டில் பெயர் வராவிட்டால் கதை முடிந்ததா? (வாசகி, சேலம்)

ப: முடியவில்லை. பழைய லீகிலேயே டிராஃப்டில் வராமல் பின்னால் ஒப்பந்தம் வாங்கியவர்கள் உண்டு. ஜப்பானில் கம்பெனி அணிகள் ஆடும் லீக் இருக்கிறது, அபாட்டே டொயோட்டா அணிக்காகப் பல ஆண்டு ஆடினார். 2028 ஒலிம்பிக்ஸில் சாஃப்ட்பால் திரும்ப வருகிறது, போட்டி லாஸ் ஏஞ்சலஸில் இல்லை, ஓக்லஹோமா சிட்டியில், அமெரிக்கக் காலேஜ் அணிகளின் சாம்பியன் போட்டியான காலேஜ் உலகத் தொடர் ஆண்டுதோறும் 12,000 பேருக்கு மேல் நிரம்பும் அதே மைதானத்தில். காலேஜ் நாட்களில் அங்கே ஆடிய சிலர் தேசிய அணி உடையில் மறுபடி அதே மண்ணில் இறங்குவார்கள்.