உப்புத் தண்ணீரில் வைத்த திருநீற்றுப்பச்சை விதை முளைக்கவில்லை, செத்துவிட்டதா? வறட்சியிலும் இதே கதைதானா?

புராஜெக்ட் முடிக்கும் அவசரத்தில் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தட்டுகளைக் குப்பையில் கொட்டிவிடாதீர்கள். முளைக்காத விதையெல்லாம் செத்த விதை இல்லை.

முதுகலையில் நானும் இதே விதையைத்தான் எடுத்தேன். ஒரு வரிசைத் தட்டுகளில் சாப்பாட்டு உப்புக் கரைசல், இன்னொரு வரிசையில் வறட்சிக்குப் பதிலியாக பாலிஎத்திலீன் கிளைக்கால் 6000. இதன் மூலக்கூறு பெரிது, செல்சுவரைத் தாண்டாது. விதைக்குத் தண்ணீர் கிடைக்காமல் இழுத்துப் பிடிப்பதோடு சரி. உப்பும் அப்படி இழுத்துப் பிடிக்கும். கூடவே சோடியமும் குளோரைடும் உள்ளே நுழையும். லிட்டருக்கு 5.8 கிராம் உப்பு, அதாவது 100 மில்லிமோலார், தண்ணீரை இழுத்துப் பிடிக்கும் அழுத்தமாகச் சொன்னால் சுமார் −0.46 மெகாபாஸ்கல். இரண்டு கரைசலையும் ஒரே அழுத்தத்துக்குக் கொண்டுவராமல் ஒப்பிட்டால் அது ஒப்பீடே இல்லை.

வெறும் தண்ணீரில் விதையைச் சுற்றிக் கூழ் உப்பி, நடுவில் கறுப்புப் புள்ளியாக விதை தெரியும். உப்பில் கூழ் மெலிதாகத்தான் வந்தது, ஆனாலும் வந்தது. அதைப் பார்த்த சீனியர், “தண்ணி ஏறிடுச்சு, அப்பவும் முளைக்கலன்னா செத்துடுச்சுன்னு எழுது” என்றார். நான் எழுதவில்லை. கூழ் விதையுறையின் வெளியே இருப்பது. உள்ளே கருவின் நிலையை அது சொல்லாது. காய்ந்த விதை உப்புக் கரைசலிலிருந்துகூட முதலில் தண்ணீரை உறிஞ்சிவிடும். சிக்கல் அதற்கப்புறம், முளைவேர் நீள வேண்டிய கட்டத்தில்தான்.

முளைக்காதவற்றைக் கழுவி, காய்ச்சி வடித்த நீருக்கு மாற்றினேன். கிளைக்காலில் கிடந்தவை பெரும்பாலும் முளைத்தன. குறைந்த உப்பில் கிடந்தவையும்தான். கடும் உப்பில் கிடந்தவற்றில் பல அப்படியே இருந்தன. இடுக்கியால் அழுத்தினால் கொழகொழவென்று நசுங்கின. அவைதான் செத்தவை. மற்றவை தண்ணீருக்காகக் காத்திருந்தவை. (அந்தத் தட்டுகளின் படம் பிறகு சீனியரின் கருத்தரங்க உரையில் வந்தது, என் பெயர் இல்லாமல். சரி, விடுங்கள்.)

“எனக்கு உப்பில்தான் நன்றாக முளைத்தது” என்று யாராவது வருவார்கள். அதுவும் நடக்கும். உள்ளே போன அயனிகள் விதையின் உள் அழுத்தத்தைச் சரிக்கட்டி, தண்ணீரை இழுக்க உதவுவதுண்டு. அதனால் ஒரே அழுத்தத்தில் உப்பைவிடக் கிளைக்கால் அதிகம் தடுப்பதைப் பார்க்கலாம். அளவு கூடினால் நஞ்சு முந்திக்கொள்ளும். நான் சொல்வது என் விதைக்கு. சீரகத்துக்கும் தைமுக்கும் எல்லை வேறு.

மண்ணில் இன்னொரு தொல்லை. தண்ணீர் ஆவியாக ஆவியாக உப்பு மேலே ஏறும். இந்தப் பொடி விதைகளை நாம் தூவுவதும் அந்த மேல் மண்ணில்தான். ஆழத்து மண்ணையும் கலந்து பரிசோதித்த சராசரி உப்பு அளவை நம்பினால் ஏமாறலாம்.

“செடியைத் தண்ணீர் விடாமல் வாட்டினால் மணம் கூடும்” என்பவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. வளர்ந்த செடியில் எண்ணெய் விழுக்காடு கூடலாம், தழை குறைந்துவிடும். விதைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

முதலில் வெறும் தண்ணீர்த் தட்டைப் பாருங்கள். அதிலேயே பாதி முளைக்கவில்லை என்றால் உப்பின்மேல் பழி போடாதீர்கள். விதை பழையதாக இருக்கலாம். அடுத்து லாவெண்டர் எடுப்பதாக இருந்தால் இன்னும் கவனம், அது உப்பே இல்லாமலும் உறக்கத்தில் கிடக்கும்.