கடன் வாங்கிய கோட் வேண்டாம், தங்கச்சி

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். கணக்கியல் டிப்ளோமா முடித்துவிட்டேன். கொழும்புக் கம்பனி ஒன்றில் கணக்கு உதவியாளர் வேலைக்கு அடுத்த மாதம் ஜூமில் இன்டவியூ, பிற்பகல் மூன்று மணிக்கு. லயத்து வீட்டிலிருந்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) போனில்தான் பேச வேண்டும். கோட் போடாவிட்டால் மதிக்க மாட்டார்கள் என்கிறாள் கொழும்பில் வேலை செய்யும் தோழி. ஹட்டனில் விசாரித்தேன், 18,000 ரூபாய் சொன்னார்கள். வட்டிக்கு வாங்கித் தருகிறேன் என்கிறார் அம்மா. பொட்டு வைக்காதே, தோட்டத்து ஆள் என்று தெரிந்துவிடும் என்றும் தோழி சொன்னாள். சேலையா, சல்வாரா, கோட்டா? என்ன செய்வது?
– ஒரு வாசகி, பொகவந்தலாவை

பதில்: கோட் வேண்டாம். அம்மா வட்டிக்காரரிடம் போகவும் வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றக் கேள்விகளுக்கு இன்னும் நாள் இருக்கிறது. வட்டிக்கு வாங்குவது நாளைக்கே நடந்துவிடும்.

2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளர்களின் அடிப்படை நாட்சம்பளத்தை 1,350 ரூபாய் ஆக்கி வர்த்தமானி வந்தது. அந்தக் கணக்கில் 18,000 ரூபாய் என்பது, ஒரு நாளும் தவறாமல் மலை ஏறினால், அம்மா பதின்மூன்று நாளுக்கு மேல் எடுக்கும் கொழுந்து. அதற்கு மேல் வட்டி வேறு. அரை மணி நேரம் போன் திரையில் தெரியப்போகும் ஒரு துணிக்கு அவ்வளவு கொடுக்கக் கூடாது. கணக்கு உதவியாளர் வேலைக்கு கோட் கட்டாயமும் இல்லை. இந்த நாட்டில் வங்கியிலும் பாடசாலையிலும் கச்சேரி என்கிற மாவட்டச் செயலகத்திலும் பெண்கள் பலர் சேலை கட்டித்தான் வேலைக்குப் போகிறார்கள். சேலை நம் அலுவலக உடுப்பு. அதைக் கட்டிக்கொண்டு வருபவரை மதிக்காத கம்பனியில் சேர்ந்தால் பிறகும் நிம்மதி இருக்காது.

சரி, எதைப் போடுவது? அதைவிட முக்கியம், போனின் கேமரா எதைப் பார்க்கிறது என்பது. உங்கள் தோழி அதை யோசிக்கவே இல்லை. நேரில் போய் உட்கார்ந்தால் உங்கள் நடை, உயரம், செருப்பு எல்லாம் கண்ணில் படும். வீடியோவில் நெஞ்சுக்கு மேலே உள்ள ஒரு சின்னக் கட்டம்தான் தெரியும். அந்தக் கட்டத்துக்குள் உங்கள் முகம் தெளிவாக இருக்க வேண்டும். அதற்கு உதவுகிற உடுப்பு நல்ல உடுப்பு, கெடுக்கிறது எதுவோ அது எவ்வளவு விலையானாலும் வேண்டாம்.

போன வருடம் எங்கள் இதழுக்கு ஓர் உதவி ஆசிரியர் தேவைப்பட்டது. வீடியோவில்தான் ஆள் பார்த்தோம். ஒரு தம்பி பளிச்சென்று வெள்ளைச் சட்டை போட்டு, ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். கடைசி வரைக்கும் அவர் முகத்தை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. போனின் கேமரா தன் முன்னால் உள்ளதை எல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும். பெரிய வெள்ளைப் பரப்பு இருந்தால், வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். அதில் முதலில் இருண்டு போவது நம் மாநிற, கறுப்பு முகங்கள்தான். இன்டவியூ என்றால் வெள்ளைச் சட்டை என்று எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற புத்திமதியை வீடியோவுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். முழுக் கறுப்பும் வேண்டாம். அப்போது கேமரா எதிர்ப்பக்கம் போய், முகத்தை வெளிறச் செய்துவிடும். இரண்டுக்கும் நடுவில் நிற்கிற நிறங்கள் நல்லவை: நீலம், மெரூன், சாம்பல் கலந்த ஊதா, கரும்பச்சை.

அதே நாள் இன்னொரு பிள்ளை நெருக்கமான சின்னக் கட்டம் போட்ட சல்வாரில் வந்தார். அருமையாகப் பேசினார். ஆனால் அவர் அசைகிற போதெல்லாம் துணி அலை அலையாக நெளிந்து மினுங்கியது. அது துணியின் குறை இல்லை. கேமராவுக்குள் ஒளியைப் பிடிக்கிற புள்ளிகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். துணியின் கோடுகளும் அந்த வரிசைக்குக் கிட்டத்தட்ட அதே நெருக்கத்தில் வந்துவிட்டால், இரண்டும் மோதி இல்லாத கோலம் ஒன்றைக் காட்டும். இன்றைக்கும் அவர் சொன்ன பதில்களுக்கு முன்னால் அந்த மினுக்கம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. அவருக்கு அது அநியாயம், எனக்குத் தெரியும். அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன். சின்னக் கட்டம், மெல்லிய கோடு, பொடிப் புள்ளி மூன்றும் வேண்டாம். கைத்தறிச் சேலையில் நெருக்கமாக வரி ஓடினால் அதையும் இந்த ஒரு நாளைக்கு மடித்து வையுங்கள்.

கடும் சிவப்பையும் விடுங்கள். வீடியோவைச் சுருக்கி அனுப்பும்போது வெளிச்சத்தின் விவரத்தைக் காப்பாற்றி, நிறத்தின் விவரத்தைத்தான் அதிகம் குறைப்பார்கள். அதனால் அடர்த்தியான சிவப்பு ஓரங்களில் கசிந்து நிற்கும். டேட்டா மெலிந்த இடத்தில் இது இன்னும் மோசம். உங்கள் பக்கம் சிக்னல் எப்படி என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அப்புறம் சுவர். லயத்துச் சுவர்களுக்குப் பெரும்பாலும் வெளிர் நீலமோ பச்சையோதான் அடிக்கிறோம். உங்கள் சுவரும் அப்படியென்றால் அதே நிறத்தில் உடுத்தாதீர்கள், உடம்பு சுவரோடு கலந்து தலை மட்டும் நிற்பது போல இருக்கும். நீலச் சுவருக்கு மெரூன் எடுத்து நிற்கும். பின்னணியில் பொய்யான அலுவலகப் படம் போட நினைத்தால் வேண்டாம். சாதாரண போனில் அது முடியையும் தோளையும் தின்றுவிடும், சேலையின் தோள் மடிப்பு இருந்தும் இல்லாமலும் தெரியும். வெறும் சுவர் போதும். சுவர் சரியில்லை என்றால், இஸ்திரி போட்ட வெற்றுப் போர்வை ஒன்றைக் கட்டிவிடுங்கள்.

சேலையா, சல்வாரா என்று கேட்டிருந்தீர்கள். எதைக் கட்டினால் அதை மறந்துவிட்டுப் பேச முடிகிறதோ அதை. வாரத்தில் இரண்டு நாளாவது சேலை கட்டிப் பழக்கம் இருந்தால் சேலையே நல்லது. பருத்தியாக இருக்கட்டும். பட்டும் சாட்டினும் வெளிச்சத்தில் பளபளத்துத் திட்டுத் திட்டாகத் தெரியும். தோள் மடிப்பை நன்றாகப் பின் பண்ணுங்கள், அந்தச் சின்னக் கட்டத்துக்குள் சேலை என்றால் அந்த மடிப்புத்தான். பழக்கம் இல்லை என்றால் கழுத்து மூடிய வெற்று நிறச் சல்வார். துப்பட்டாவை இரண்டு பக்கமும் குத்திவிடுங்கள். நீங்கள் ஒயர் உள்ள இயர்போனில் பேசினால் அதன் மைக் உங்கள் நெஞ்சருகில் தொங்கும். துப்பட்டாவோ நீளச் சங்கிலியோ அதில் உரசினால் அவர்கள் காதில் கரகரவென்று விழும். அன்றைக்குச் சின்னத் தோடு போதும், கண்ணாடி வளையல் வேண்டாம்.

பிற்பகல் மூன்று மணி என்கிறீர்கள். பொகவந்தலாவையில் அந்த நேரத்துக்கு மூட்டம் இறங்கிவிட்டால் கை விறைக்கும். நடுங்கிக்கொண்டு பேசாதீர்கள். ஸ்வெட்டர் போட்டால் மரியாதைக் குறைவு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பட்டன் வைத்த வெற்று நிற ஸ்வெட்டர் ஒன்று சல்வாருக்கு மேல் அழகாகவே இருக்கும், கோட் செய்கிற வேலையை அதுவே செய்யும். குளிர் உடுப்பு விற்கும் நுவரெலியா பேல் பஜாரில் தேடினால் வட்டிக்குப் போகாமலே ஒன்று வாங்கலாம். சிப் வைத்த ஜாக்கெட்டும் கம்பளித் தொப்பியும் மட்டும் வேண்டாம். சேலை என்றால் உள்ளே ஒரு சூடான பனியனைப் போட்டு அதன் மேல் கைநீளச் சட்டை.

மூட்டத்தால் ஒரு நன்மையும் உண்டு. மூட்ட வெளிச்சம் நிழல் விழாமல் முகத்தில் ஒரே சீராகப் படியும். ஜன்னலையோ திறந்த வாசலையோ பார்த்து உட்காருங்கள், போன் உங்களுக்கும் வாசலுக்கும் நடுவில் இருக்கட்டும். இஸ்தோப்பில், அதாவது வீட்டு முன் திண்ணையில், உட்கார்ந்தால் வெளிச்சம் நன்றாக இருக்கும், ஆனால் பக்கத்து வீட்டுச் சத்தமும் சேர்ந்து போகும். இருட்டிவிட்டால் போனுக்குப் பின்னால் ஒரு விளக்கு தயாராக இருக்கட்டும். போனைப் படுக்கை வாட்டில், புத்தகங்களை அடுக்கி, கண் மட்டத்துக்கு உயர்த்துங்கள். கீழே வைத்தால் நாடியும் தகரக் கூரையும்தான் தெரியும். மே முதல் செப்டெம்பர் வரை உங்கள் பக்கம் தென்மேற்குப் பருவமழை. தகரத்தில் மழை கொட்டினால் பேச்சு கேட்காது. கூரை தகரமென்றால், ஓட்டுக் கூரையோ கொங்கிரீட் சிலாப்போ உள்ள உறவினர் வீடு ஒன்றுக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.

இடுப்புக்குக் கீழேயும் முழுதாக உடுத்துங்கள். கரண்ட் போய், சார்ஜரைக் கழற்ற எழுந்திருக்க வேண்டி வரலாம்.

இனிப் பொட்டு. உங்கள் கடிதத்தில் எனக்கு வலித்த வரி அதுதான். தோழி உங்களுக்கு நல்லது நினைத்துத்தான் சொல்லியிருப்பார், அவர் கொழும்பில் என்ன பட்டாரோ. ஆனாலும் அவர் சொன்னது தவறு. தோட்டத்தை நடத்திய துரைக்கு முன்னால் செருப்புப் போட்டு நடக்க முடியாத காலம் இருந்தது என்று என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். நாம் எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்று அன்றைக்கு வேறு யாரோ தீர்மானித்தார்கள். நம் ஆட்கள் இந்த மலைக்கு வந்து இருநூறு ஆண்டு ஆனதை 2023-இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்து நினைவுகூர்ந்தோம். இவ்வளவுக்குப் பிறகு, யாரும் கேட்காமலே நாமாகப் பொட்டை அழிப்பதா? நீங்கள் தினமும் பொட்டு வைக்கிறவர் என்றால் அன்றைக்கும் வையுங்கள். வைக்கிற பழக்கம் இல்லை என்றால் எனக்காக வைக்க வேண்டாம். எந்த ஊர் என்று கேட்டால் தோட்டத்தின் பெயரையே சொல்லுங்கள். லயத்து வீட்டில் இருந்துகொண்டு கணக்கியல் டிப்ளோமா முடித்த ஆளை, கணக்கு வேலைக்கு ஆள் தேடுகிறவர்கள் ஏன் குறைவாக நினைக்க வேண்டும்? குறைவாக நினைக்கிறவர் ஒருவர் அங்கே இருந்தாலும், பெயரைக் கேட்டவுடன், பேச்சைக் கேட்டவுடன் அவருக்குத் தெரிந்துவிடும். கோட்டால் அதை மறைக்க முடியாது.

ஒத்திகை ஒன்று பார்க்க வேண்டும். இன்டவியூவுக்கு ஒரு வாரம் முன்னால், அதே மூன்று மணிக்கு, அதே இடத்தில், அதே உடுப்பில் அந்தத் தோழிக்கே ஜூமில் அழைப்பு எடுங்கள். உங்கள் திரையில் தெரிகிற உங்களை நம்பாதீர்கள். அது கண்ணாடி போல இடம் வலம் மாறித் தெரியும், டேட்டாவில் சுருங்காத படமும் கூட. அவர் திரையில் தெரிகிறதைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். முகம் இருட்டா, துணி நெளிகிறதா, சுவரோடு கலக்கிறதா என்று அந்தப் படத்தில் பார்த்துவிட்டு, தேவையானால் நிறத்தை மாற்றுங்கள். கோட்டைப் பற்றி அவர் மறுபடியும் ஆரம்பித்தால், அந்தப் படத்தில் உங்களைப் பார்க்க அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள். எந்தச் சேலை உங்களுக்கு எடுப்பாக இருக்கும் என்று அம்மாவுக்குத் தெரியாததா?