கிணறு யாருடைய பங்கில்?

வணக்கம் ஐயா,

நான் இணுவிலைச் சேர்ந்தவன். எங்கள் ஊர்ச் சுருட்டுத் தொழிலைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதத் தொடங்கி மூன்று மாதமாகிறது. கருத்துகளை ஒழுங்குபடுத்த ஃப்ரீமைண்ட் என்ற மனவரைபட மென்பொருளைப் பாவிக்கிறேன். நடுவில் ‘சுருட்டு’ என்று வைத்து, அதிலிருந்து பயிர், கொட்டில், தொழிலாளர், வியாபாரம், வாசிப்பு என்று ஐந்து கிளை, ஐந்து நிறம். இப்போது 147 கணுக்கள், அதாவது சொல் எழுதிய முடிச்சுகள், இருக்கின்றன. கட்டுரையின் முதல் வரியைத்தான் இன்னும் எழுதவில்லை. இதைவிட நல்ல மென்பொருள் உண்டா? கைபேசியில் ஓடினால் நல்லது. மூளையின் வலது பக்கம் படங்களாகத்தான் சிந்திக்கும் என்று படித்தேன். எனக்கு அந்தப் பக்கம் வேலை செய்யவில்லையோ என்றும் யோசிக்கிறேன்.

இன்னொரு சின்னச் சந்தேகம். கொட்டிலில் மற்றவர்கள் சுருட்டுச் சுற்றும்போது ஒருவர் இருந்து பேப்பர் வாசிப்பார். என் அப்பப்பாவும் அப்படி வாசித்தவர். அவரைத் ‘தொழிலாளர்’ கிளையில் போடுவதா, ‘வாசிப்பு’ கிளையில் போடுவதா? இப்போதைக்கு இரண்டிலும் போட்டிருக்கிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பி,

உமது கடிதம் வந்தபோது என் கையில் ஒரு பழைய காணி உறுதி (காணிப் பத்திரம்) இருந்தது. அதனால்தான் இந்தப் பதில். இல்லாவிட்டால் மென்பொருள் பற்றி வரும் கடிதங்களை நான் மகளுக்கு அனுப்பிவிடுகிற ஆள்.

முதலில் ஏச்சை வாங்கிக்கொள்ளும். 147 கணு, ஐந்து நிறம், ஒரு வரி இல்லை! கொட்டிலில் ஒருவன் மூன்று மாதமாகப் புகையிலைக்குக் காம்பு கிழித்து, தரம் பிரித்து, அடுக்கி அடுக்கி வைத்துவிட்டு ஒரு சுருட்டும் சுற்றாமல் இருந்தால் முதலாளி என்ன சொல்லியிருப்பார் என்று உமது அப்பப்பாவைக் கேளும். அவர் சொல்லும் சொற்களை இங்கே அச்சிட ஏலாது.

வலது மூளை, இடது மூளைக் கதையை விடும். உமது மூளைக்கு ஒரு குறையும் இல்லை. கைபேசியும் வேண்டாம், உள்ளங்கை அகலத்தில் யாரும் மரம் வளர்ப்பதில்லை.

மென்பொருள் சங்கதி இரண்டு வரியில் முடியும். ஃப்ரீமைண்ட் நல்லதுதான். இலவசம், பாரமில்லாதது, ஸ்பேஸ் விசையைத் தட்டினால் கிளை மடங்கிக்கொள்ளும். அதிலிருந்து பிரிந்து வளர்ந்த ஃப்ரீபிளேன் இன்னும் கொஞ்சம் நல்லது, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

உமது நோவு வேறு இடத்தில் இருக்கிறது. ஃப்ரீமைண்டில் என்டர் தட்டினால் பக்கத்தில் ஒரு சகோதரம் பிறக்கும், இன்சேர்ட் தட்டினால் ஒரு பிள்ளை பிறக்கும். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. அந்த மென்பொருளே அவற்றைச் சகோதரம், பிள்ளை என்றுதான் ஆங்கிலத்தில் அழைக்கிறது. எத்தனை பிள்ளையும் பிறக்கலாம், ஆனால் ஒரு பிள்ளைக்குத் தாய் ஒன்றுதான். உமது அப்பப்பாவுக்கு நீர் இரண்டு தாய் வைத்துவிட்டு, எது சரி என்று என்னைக் கேட்கிறீர். கடிதத்தின் வாலில், சின்னச் சந்தேகம் என்று! முழுக் கடிதத்திலும் கேள்வி என்று சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

உறுதிக்கு வருகிறேன். உரும்பிராயில் எங்கள் அம்மப்பாவுக்கு ஒரே துண்டாகப் பன்னிரண்டு பரப்புத் தோட்டக் காணி இருந்தது. வெளியூர் வாசகர்களுக்காக: பதினாறு பரப்பு சேர்ந்தால் ஒரு ஏக்கர். மூன்று பிள்ளைகள், ஆளுக்கு நாலு பரப்பு. பெரியம்மாவுக்கும் அம்மாவுக்கும் சீதனம், நடுவில் மாமாவின் பங்கு. கணக்கு அழகாகப் பிரிந்தது. கிணறு பிரியவில்லை. அது பெரியம்மாவின் பங்குக்குள் விழுந்தது. ஆறில்லாத ஊரில் கிணறில்லாத காணி எதற்கு? அதனால் மூன்று உறுதியிலும், அவற்றை எழுதிய நொத்தாரிசு ஒரு வரி சேர்த்தார்: “கிணற்றில் மூன்றில் ஒரு பங்கும், வழிவாய்க்கால் உரிமையும்.”

எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மாவுக்கு இறைப்பு முறை வரும் நாளில் விடியப்புறம் நாலு மணிக்கு நான் அரிக்கன் லாம்பு பிடித்துக்கொண்டு பின்னால் போவேன். அம்மா மண்வெட்டியால் வாய்க்காலின் மண் அணையை ஒரு கொத்துக் கொத்தித் திறப்பா. தண்ணீர் முதலில் தயங்கும், காய்ந்த இலையைத் தூக்கிக்கொண்டு நுரையோடு மெல்ல நகரும், பிறகு ஓடும். நான் லாம்போடு அதன் முன்னால் ஓடுவேன்.

ஒருநாள் ஓடிய தண்ணீர் திரும்பி வந்தது. மாமா தன் எல்லை நெடுகக் கிளுவைக் கதியால் நட்டு, வாய்க்கால் வாயை மண்போட்டு அடைத்திருந்தார். என் காணி, என் வேலி என்பது அவருடைய நியாயம். தண்ணீருக்கு அந்த நியாயம் விளங்கவில்லை. தேங்கி, பொங்கி, மாமாவின் மிளகாய்க் கன்றுகளுக்குள்ளேயே புகுந்துவிட்டது. பெரியம்மா கிணற்றடியில் நின்று சிரித்த சிரிப்பு ஒழுங்கை முழுக்கக் கேட்டது. அதற்குப் பிறகு நாலு வருஷம் அந்த மூன்று வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

கடைசியில் அதே நொத்தாரிசு வந்தார். திண்ணையில் இருந்து ஒரு சீனிப் பையைக் கிழித்து விரித்து, பென்சிலால் படம் கீறினார். வேலிகளுக்கு நேர்கோடு. கிணற்றுக்கு வட்டம். பிறகு வேலிகளை அறுத்துக்கொண்டு ஒரு புள்ளிக்கோடு, அதன் மேலே ‘உரிமை’ என்று எழுதினார். மூன்று பெட்டிக்குள்ளும் அவர் ஒன்றும் எழுதவில்லை. கோட்டின் மேல்தான் எழுதினார். மாமா அந்தக் கோட்டைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இறுதியில் கதியால் இரண்டைப் பிடுங்கினார், வேலி முழுவதையும் அல்ல.

மனவரைபடத்தைப் பிரபலமாக்கிய டோனி பூசான் 1974இல் பிபிசி தொலைக்காட்சியில் இதைச் சொல்லிக்கொடுத்தபோது ஒரு விதி வைத்தார்: ஒரு கோட்டுக்கு ஒரு சொல். ஞாபகம் வைத்துக்கொள்ள அது உதவலாம். தமிழில் கட்டுரை எழுத உதவாது என்பது என் கட்சி. ஆங்கிலத்தில் காரணத்துக்குத் தனிச்சொல் உண்டு. நமக்கோ காரணமும் நிபந்தனையும் மறுப்பும் பெரும்பாலும் வினைச்சொல்லின் வாலில் ஒட்டியிருக்கின்றன. உமது வரைபடத்தில் ‘திருவிதாங்கூர்’ என்று ஒரு கணு இருக்கும், இல்லாவிட்டால் இருக்க வேண்டும். யாழ்ப்பாணப் புகையிலை அங்கே விலைபோயிற்று. சரி, போனதாலா? போயிருந்துமா? போகாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? அந்த ஒற்றைச் சொல் வாயைத் திறக்காது. வாலை வெட்டிவிட்டு 147 தலைகளை அடுக்கி வைத்திருக்கிறீர், தம்பி. முதல் வரி எங்கேயிருந்து வரும்?

இதை உணர்ந்த ஆளும் இருந்தார். அமெரிக்காவில் கோர்னெல் பல்கலைக்கழகத்தில், எழுபதுகளில், பிள்ளைகள் விஞ்ஞானத்தை எப்படி விளங்கிக்கொள்கிறார்கள் என்று ஆராய்ந்த ஜோசப் நோவாக். அவர் வரைந்த படங்களுக்குக் கருத்து வரைபடம் என்று பெயர். அவற்றில் பெட்டியைப் பெட்டியோடு சேர்க்கும் கோட்டின் மேலும் சொல் இருக்கும். கிளை விட்டுக் கிளைக்கும் கோடு போகும். எங்கள் நொத்தாரிசு நோவாக்கைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்.

ஃப்ரீமைண்டிலும் எட்ட நிற்கும் இரண்டு கணுக்களை அம்புக்குறியால் இணைக்கலாம். ஃப்ரீபிளேனில் அந்த இணைப்பின் மேல் சொல்லும் எழுதலாம். நான் அதைச் சிபாரிசு செய்வது அந்த ஒரு வசதிக்காகத்தான். நிறம், படம், முகக்குறி எல்லாம் கலியாணவீட்டுச் சோடினை.

ஆகவே அப்பப்பாவை இரண்டு கிளையிலும் போட்டதை அழிக்க வேண்டாம். இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு கீறி, அதன் மேல் ஒரு முழு வசனம் எழுதும். வினை முற்றோடு. மற்ற 145ஐயும் மடித்து வைத்துவிடும், அவை எங்கேயும் ஓடிப்போகா.

அந்த வசனத்தை எழுத உமக்குச் சில விவரங்கள் வேண்டியிருக்கும். அவர் வாசித்த நேரத்துக்குக் கூலி யார் கொடுத்தது, முதலாளியா, அல்லது சுற்றுகிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் சுற்றிக் கொடுத்தார்களா? முதலாளிக்குப் பிடிக்காத செய்தி வந்த நாளில் குரலை இறக்கினாரா, ஏற்றினாரா? பேப்பர் முடிந்த பிறகு என்ன வாசித்தார்? அவர் இருக்கிறாரா இல்லையா என்று நீர் எழுதவில்லை. இருந்தால், லப்டொப்பை வீட்டில் வைத்துவிட்டு நாளைக் காலமையே போம்.