மருந்துக்கு மானியம்: எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

அக்கித் தடுப்பூசிக்கு இவ்வளவு நாள் இல்லாத மானியம் எப்படி வந்தது? (ஈசூன் வாசகர்)

சிங்கப்பூரில் 2025 செப்டம்பர் முதல் 60 வயதைத் தொட்டவர்களுக்கு இந்த மானியம் கிடைக்கிறது. ஊசி பலன் தரும் என்பது முன்பே தெரியும். கேட்கும் விலைக்குத் தகுமா என்பதே கேள்வி. மானியம் மறுக்கப்படும்போது பல நேரம் ‘இந்த விலைக்கு வேண்டாம்’ என்றுதான் பொருள்.

உயிருக்கு விலை போடுவது நியாயமா? என் தாயாருக்கு 78 வயது. (தெம்பனிஸ் வாசகி)

உங்கள் கோபம் புரிகிறது. ஆனாலும் கணக்குப் பார்க்கத்தான் வேண்டும் என்பேன். இங்கே கூடுதலாகக் கொடுக்கும் பணம், பலதுறை மருந்தகத்தில் வரிசையில் நிற்கும் நீரிழிவு நோயாளிக்குக் கிடைக்காமல் போகலாம்.

புதிய மருந்துக்கு 40,000 வெள்ளி கூடுதல் செலவு, மூன்று மாதம் கூடுதல் ஆயுள் என்று வைத்துக்கொள்வோம். அந்த மாதங்கள் முழு நலத்துடன் கழிந்தால், முழு நலத்துடன் வாழும் ஓர் ஆண்டுக்கு 160,000 வெள்ளி ஆகிறது. அந்த மூன்று மாதமும் பாதி நலத்தோடுதான் கழியும் என்றால் 320,000.

இங்கிலாந்தில் மருந்துகளை மதிப்பிடும் ‘நைஸ்’ அமைப்பு, அப்படிப்பட்ட ஓர் ஆண்டுக்கு நெடுங்காலம் 20,000 முதல் 30,000 பவுண்டு வரை என வரம்பு வைத்திருந்தது. அதே வேலைக்கு நம் சுகாதார அமைச்சு 2015இல் தொடங்கிய ‘ஏஸ்’ அமைப்பு அப்படி ஒரே வரம்பைப் பிடித்துக்கொள்வதில்லை. நோயாளிகளின் தேவை, மருந்தின் பலன், பாதுகாப்பு, செலவுக்கேற்ற பயன், ஆண்டுச் செலவு எல்லாம் சேர்த்தே எடைபோடப்படுகின்றன.

அதுவே சரி. முதியவர்களுக்கு எஞ்சிய ஆண்டுகள் குறைவு என்பதால், வெறும் எண் அவர்களுக்குப் பாதகமாகச் சாய்ந்துவிடும். முடிவும் மருந்துக்கும் நோய்க்கும்தான்; உங்கள் தாயாரின் வயதை வைத்து எடுக்கப்படுவதில்லை.

அரிய நோய்க் குழந்தைகள் இந்தக் கணக்கில் தேறுவார்களா?

பெரும்பாலும் தேறமாட்டார்கள். அதனால்தான் 2019இல் அரிய நோய் நிதி தனியாகத் தொடங்கப்பட்டது. நாம் ஒரு வெள்ளி கொடுத்தால் அரசு மூன்று வெள்ளி சேர்க்கிறது. கொடுங்கள்.

டாக்டர் எழுதிய புற்றுநோய் மருந்து சுகாதார அமைச்சின் பட்டியலில் இல்லையாம். என்ன செய்வது? (உட்லண்ட்ஸ் வாசகர்)

2022 செப்டம்பர் முதல் அரசின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப், அந்தப் பட்டியலில் உள்ள புற்றுநோய் மருந்துகளுக்கே பணம் தருகிறது. ஒவ்வொன்றுக்கும் மாத உச்சவரம்பு வேறு. பலர் கவனிக்காத ஒன்று: பட்டியலில் மருந்தின் பெயரோடு எந்த நோய்க்கு, எந்தக் கட்டத்தில் என்பதும் இருக்கும். நுரையீரலுக்குச் சேர்த்த மருந்து மார்பகத்துக்குச் சேராமல் இருக்கலாம். டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இதே பலன் தரும் வேறு மருந்து பட்டியலில் உண்டா? இல்லையென்றால் இதனால் கூடுதலாக எத்தனை மாதம் கிடைக்கும்? மெடிஷீல்டு லைஃபுக்கு மேல் தனியார் நிறுவனத்திடம் எடுக்கும் ஒருங்கிணைந்த காப்புறுதி இருந்தால் அதன் கூடுதல் திட்டத்தையும் பாருங்கள். பணம் போதாதென்றால், சிகிச்சை தொடங்கும் முன்பே மருத்துவமனையின் மருத்துவச் சமூக ஊழியரைச் சந்தியுங்கள்.