சாதாரணத் தலைவலியை இணையத்தில் தேடினால் மூளைக் கட்டியில் போய் நிற்பது ஏன்? உடல்நலத் தகவலைச் சரியாகத் தேடுவது எப்படி?

முதல் பாதிக்கு ஆய்வே இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் ரயன் வைட், எரிக் ஹார்விட்ஸ் இருவரும் 2009இல் இதை அளந்து பார்த்தார்கள். தலைவலிக்கான தேடல் முடிவுகளில், காபியைத் திடீரென நிறுத்தினால் வரும் தலைவலிக்கும் மூளைக் கட்டிக்கும் ஏறக்குறைய ஒரே அளவு இடம் கிடைத்திருந்தது. நிஜத்தில் முன்னது சர்வசாதாரணம், பின்னது மிக அரிது. ஆனால் காபித் தலைவலியைப் பற்றி இரண்டு பத்திக்கு மேல் எழுத ஒன்றுமில்லை. மூளைக் கட்டியைப் பற்றியோ எழுதித் தீராது. தேடுபொறிக்குத் தெரிந்தது எதைப் பற்றி அதிகம் எழுதியிருக்கிறார்கள், எதை அதிகம் சொடுக்குகிறார்கள் என்பதுதான். எந்த நோய் எத்தனை பேருக்கு வருகிறது என்ற கணக்கு அதனிடம் கிடையாது. பயந்தவர் பயமுறுத்தும் தலைப்பைத்தான் சொடுக்குவார் என்பதால் அடுத்த பக்கம் இன்னும் மோசமாக இருக்கும்.

ஏன் தேடுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். மருத்துவரிடம் போகலாமா, இரண்டு நாள் பார்க்கலாமா என்று முடிவெடுக்கத் தேடுவது ஒன்று. அவர் சொன்னது புரியாமல் வீட்டுக்கு வந்து தேடுவது இன்னொன்று. 'ஒன்றுமில்லை' என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்று தேடுவது மூன்றாவது. இதற்கு இணையத்தில் பதிலே கிடையாது, ஏனென்றால் உங்களைத் தொட்டுப் பார்க்காத எந்தப் பக்கமும் அதைச் சொல்ல முடியாது. ஐந்து பக்கம் படித்தும் பயம் குறையவில்லை என்றால் நீங்கள் இந்த மூன்றாவது வகையில் இருக்கிறீர்கள். ஆறாவது பக்கம் உதவாது.

இரண்டாவது வகையைத் தேடுபவரின் அலட்சியம் என்று நினைக்க வேண்டாம். மருத்துவர் சொல்வதில் 40 முதல் 80 சதவீதம் உடனேயே மறந்துபோகிறது, நினைவிருப்பதிலும் ஏறக்குறைய பாதி தவறாகப் பதிகிறது என்று ராய் கெசல்ஸ் 2003இல் எழுதிய மீளாய்வுக் கட்டுரை சொல்கிறது. அதனால் அறையை விட்டு வெளியே வருவதற்குள் நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும் எழுத்துக்கூட்டிக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சரியான பெயரோடு தேடுவதும் 'வயிற்றில் ஏதோ வீக்கம்' என்று தேடுவதும் இரண்டு வேறு உலகங்கள்.

இன்னொன்று, நிறையப் பேர் தமக்காகத் தேடுவதே இல்லை. அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2013இல் வெளியிட்ட அறிக்கையில், இணையத்தில் உடல்நலத் தகவல் தேடியவர்களில் பாதிப் பேர் கடைசியாகத் தேடியது வேறொருவருக்காக. அம்மாவுக்காகவோ குழந்தைக்காகவோ தேடும்போது அறிகுறியே இரண்டாம் கையாகத்தான் வருகிறது. வயது, எத்தனை நாளாக, ஏற்கெனவே உள்ள நோய்கள், சாப்பிடும் மாத்திரைகள் ஆகிய நான்கையும் கேட்டுக்கொள்ளாமல் உட்காராதீர்கள். முப்பது வயதுக்காரரின் தலைச்சுற்றலும், இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் எழுபது வயதுக்காரரின் தலைச்சுற்றலும் ஒன்றல்ல.

தேடல் பெட்டியில் என்ன எழுதுகிறோம் என்பதில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். 'இந்த மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்குமா' என்று கேட்டால், கெடுக்கும் என்று சொல்லும் பக்கங்கள்தான் முன்னால் வரும். மருந்தின் பெயரையும் 'பக்கவிளைவுகள்' என்ற சொல்லையும் மட்டும் போடுங்கள். உரையாடும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் இது இன்னும் முக்கியம்: கேள்வியில் நீங்கள் சாய்ந்த பக்கமே அவையும் சாயும், இல்லாத ஆய்வுக் கட்டுரைக்குப் பெயரும் ஆண்டும் சொல்லவும் தயங்காது. கொடுத்த தலைப்பைத் தனியாகத் தேடிப் பாருங்கள். கிடைக்கவில்லையென்றால் அந்தப் பதிலை நம்ப வேண்டாம்.

மருந்தைத் தேடும்போது வணிகப் பெயரை விட்டுவிட்டு, அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் வேதிப்பெயரைப் போடுங்கள். பாரசிட்டமாலை அமெரிக்கப் பக்கங்கள் அசிட்டமினோஃபென் என்று எழுதும், இரண்டும் ஒன்றே. சளி மாத்திரை பலவற்றிலும் அது கலந்திருக்கும் என்பது தெரியாமல் காய்ச்சல் மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிட்டுக் கல்லீரலைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. பக்கவிளைவுப் பட்டியலில் எத்தனை பேருக்கு வரும் என்பதைப் பாருங்கள். ஐரோப்பிய மருந்துத் தாள்களில் 'பொதுவானது' என்றால் 100இல் ஒருவர் முதல் 10இல் ஒருவர் வரை, 'அரிது' என்றால் 10,000இல் ஒருவர் முதல் 1,000இல் ஒருவர் வரை. இந்த அளவுகள் தெரியாமல் படித்தால் எல்லாமே நமக்கு வரப்போவது போலத்தான் தோன்றும்.

எண்களில் இன்னொரு பொறி, 'இரண்டு மடங்கு ஆபத்து'. 1995இல் பிரிட்டனில் ஒருவகைக் கருத்தடை மாத்திரை இரத்தக்கட்டு (இரத்தக்குழாய்க்குள் இரத்தம் உறைவது) அபாயத்தை இரட்டிப்பாக்குகிறது என்று எச்சரிக்கை வெளியானது. உண்மையில் 7,000 பெண்களில் ஒருவருக்கு இருந்தது இருவருக்கு என ஆனது, அவ்வளவுதான். பலர் பயந்து மாத்திரையை நிறுத்தினார்கள்; வேண்டாத கர்ப்பங்கள் கூடின. கர்ப்பத்தில் இரத்தக்கட்டு அபாயம் அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம் என்பதுதான் கொடுமை. 'மடங்கு', 'சதவீதம் குறைந்தது' என்று எங்கே படித்தாலும், எத்தனை பேரில் எத்தனை பேர் என்று கேளுங்கள். அந்தப் பக்கத்தில் அதற்குப் பதில் இல்லையென்றால் பக்கத்தை மூடிவிடலாம்.

இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு தேடுபவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 'நார்மல்' என்று அச்சிட்டிருக்கும் எல்லை பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் அடங்கும் எல்லை. அப்படியானால் நல்ல உடம்போடு இருப்பவர்களிலேயே 5 சதவீதம் பேர் அதற்கு வெளியே விழுவார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 சோதனைகளை ஒரே நேரத்தில் எடுத்தால், ஒரு குறையும் இல்லாதவருக்கும் ஏதாவது ஒன்றாவது எல்லைக்கு வெளியே என்று தடித்த எழுத்தில் வர 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. பெரிய 'பேக்கேஜ்' எடுத்தவர்கள் பலரும் ஏதோ ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கலங்குவதற்கு இதுவும் காரணம். எல்லையை மயிரிழையில் தாண்டிய ஒற்றை எண்ணை விட, போன ரிப்போர்ட்டிலிருந்து இந்த ரிப்போர்ட்டுக்கு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பது அதிகம் பேசும். பழைய தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள்.

அலகையும் கவனியுங்கள். சர்க்கரை சில நாடுகளில் டெசிலிட்டருக்கு மில்லிகிராம், சில நாடுகளில் லிட்டருக்கு மில்லிமோல். முன்னதை 18ஆல் வகுத்தால் பின்னது: 126 என்பதும் 7 என்பதும் ஒரே அளவு. கொலஸ்ட்ராலை 38.67ஆல் வகுக்க வேண்டும்; சிறுநீரகச் சோதனையில் வரும் கிரியாட்டினினை லிட்டருக்கு மைக்ரோமோலாக மாற்ற 88.4ஆல் பெருக்க வேண்டும். வேறு அலகில் எழுதிய பக்கத்தோடு ஒப்பிட்டுத் தூக்கம் தொலைப்பவர்கள் பலர்.

எந்தத் தளம் என்று கேட்டால், அடிப்படைக்கு அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் மெட்லைன்பிளஸ், சிகிச்சை வேலை செய்யுமா என்பதற்கு, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் எளியமொழிச் சுருக்கங்கள். வேறு தளமானால், படிக்கும் முன் மூன்றைப் பாருங்கள்: யார் எழுதியது, எப்போது திருத்தியது, அதே பக்கத்தில் எதையாவது விற்கிறார்களா. மூன்றாவதற்கு 'ஆம்' என்றால் மற்ற இரண்டையும் பார்க்கத் தேவையில்லை. 'ஆய்வில் நிரூபணம்' என்ற செய்தியில் ஆய்வு எலியிலா மனிதரிலா என்று தேடுங்கள். பல நேரம் கடைசிப் பத்தியில்தான் எலி வெளியே வரும்.

தேடவே கூடாத நேரமும் உண்டு. நெஞ்சை அழுத்தும் வலி, முகம் ஒருபக்கம் கோணுவது, ஒரு கையோ காலோ திடீரெனச் செயலிழப்பது, பேச்சுக் குழறுவது, மூச்சுத் திணறல். பக்கவாதத்தில் இரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்கு அறிகுறி தொடங்கியதிலிருந்து வழக்கமாக நாலரை மணி நேரம்தான் கெடு. இதில் ஒன்று வந்தால் தொலைபேசியை ஆம்புலன்ஸ் அழைக்க மட்டும் எடுங்கள். அறிகுறி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் முதலில் கேட்கும் கேள்விகளில் அதுவும் ஒன்று.