எக்செல் தப்பை எக்செல்லே பிடிக்குமா? கேட்டவர்களுக்குப் பதில்கள்

செல் மூலையில் வரும் பச்சை முக்கோணத்தை நான் கண்டுகொள்வதே இல்லை. தப்பா அண்ணா?

தப்புதான் தம்பி. பக்கத்துச் செல்களோடு ஒத்துப்போகாத ஃபார்முலா, எழுத்தாகப் பதிவான எண், இதையெல்லாம் அதுதான் காட்டிக்கொடுக்கும். சில சமயம் சும்மாவும் வரும், அதற்காக மொத்தமாக அணைத்துவிடாதீர்கள்.

ஒத்துப்போகவில்லை என்று அதற்கு எப்படித் தெரியும்?

டி2-இல் =பி2*சி2, டி3-இல் =பி3*சி3 என்று இருக்கிறது, பார்க்க வேறு வேறு. ஆனால் இரண்டும் சொல்வது ஒன்றுதான்: இடப்பக்கம் இரண்டாவது செல்லை, ஒட்டியிருக்கும் செல்லால் பெருக்கு. அமைப்புகளில் ஆர்1சி1 முறைக்கு (செல்லைப் பெயரால் சொல்லாமல், இங்கிருந்து எத்தனை செல் தள்ளி என்று சொல்லும் முறை) மாற்றினால் இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒரே ஃபார்முலாவாகத் தெரியும். நடுவில் டி17 மட்டும் சி16-ஐப் பிடித்திருந்தால் அது தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும், அதைத்தான் பிடிக்கிறது.

ஆனால் அந்த டி17-இல் யாரோ அவசரத்தில் ஃபார்முலாவை அழித்துவிட்டு 4500 என்று தட்டியிருந்தால், டேபிளாக மாற்றாத சாதாரண ஷீட்டில் முக்கோணத்தை நம்ப முடியாது. டி வரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து, எஃப்5, ஸ்பெஷல், கான்ஸ்டன்ட்ஸ் கொடுங்கள். ஃபார்முலா இல்லாமல் கையால் அடித்தவை மட்டும் மாட்டும். அடுத்தவர் ஷீட் கைக்கு வந்தால் நான் முதலில் செய்வது இதுதான்.

எர்ரர் எதுவும் இல்லை, ஆனாலும் மொத்தம் குறைகிறது.

எண் சில இடத்தில் எழுத்தாக இருக்கும். சம் ஃபார்முலா அவற்றைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். கவுண்ட் எண்களை மட்டும் எண்ணும், கவுண்ட்ஏ காலியில்லாத எல்லாச் செல்லையும் எண்ணும். இரண்டையும் தலைப்பை விட்டுவிட்டு அதே வரிசைக்குப் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் வந்தால் அத்தனை செல்லில் கோளாறு.

பெரிய ஆட்களுக்கும் இப்படி ஆகுமா சார்?

ஆகாமலா! 2010-இல் ரைன்ஹார்ட், ரோகாஃப் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள், நாட்டுக் கடன் அதன் மொத்த உற்பத்தியில் (ஜிடிபி) 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி படுத்துவிடும் என்று எழுதினார்கள். 2013-இல் தாமஸ் ஹெர்ன்டன் என்ற மாணவர் அவர்களுடைய ஷீட்டையே வாங்கிப் பார்த்தால், சராசரி 49-ஆம் வரி வரை போகாமல் 44-இலேயே நிற்கிறது. ஆஸ்திரேலியா முதல் டென்மார்க் வரை ஐந்து நாடுகள் அவுட். (அந்தக் கட்டுரையில் வேறு பிரச்சினைகளும் இருந்தன, அது தனிக் கதை.) அந்தச் செல்லில் எஃப்2 தட்டியிருந்தால் வண்ணக் கட்டம் பாதியில் நிற்பது கண்ணில் பட்டிருக்கும்.

16 இலக்க எண்ணை அடித்தால் கடைசி இலக்கம் 0 ஆகிவிடுகிறது?

எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாது. போனது போனதுதான். அடிப்பதற்கு முன்பே செல்லை டெக்ஸ்ட் ஆக்கிவிடுங்கள்.

ஜிஎஸ்டி 18-க்குப் பதில் எல்லா வரியிலும் 12 போட்டிருக்கிறேன், ஒரு முக்கோணம்கூட வரவில்லையே!

எப்படி வரும்? எல்லா வரியும் ஒரே மாதிரி தப்பு, பக்கத்தோடு அழகாக ஒத்துப்போகிறதே. ஏதாவது ஒரு பில்லை எடுத்து கால்குலேட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் அனுப்புங்கள்.