சூழலைக் கெடுக்காமல் வாழ உங்கள் வீட்டில் என்ன செய்கிறீர்கள்?

சென்னைப் புறநகரில் வாடகை வீடு. மனைவி, பள்ளிக்குப் போகும் மகள், அம்மா, நான். தோட்டமும் கிணறும் உள்ளவர்கள் செய்வதெல்லாம் எங்களுக்குச் சரிப்படாது என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

துணிப்பை விஷயத்தை முதலில் முடித்துவிடலாம், எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தபிறகு, விதவிதமான துணிப்பைகள் விற்பனைக்கு வந்துவிட்டன. நான் ஒன்றுகூட வாங்கவில்லை. பருத்தி நிறையத் தண்ணீர் குடிக்கும் பயிர். டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் துறை 2018இல் போட்ட கணக்குப்படி, பருவநிலைப் பாதிப்பை மட்டும் பார்த்தாலே ஒரு பருத்திப் பையை ஐம்பது தடவையாவது பயன்படுத்தினால்தான் பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும். மற்ற பாதிப்புகளையும் சேர்த்தால் அது ஆயிரக்கணக்கில் போகிறது. கல்யாண வீடுகளில் கொடுத்த தாம்பூலப் பைகளே எங்கள் அலமாரியில் ஒரு மூட்டை இருக்கின்றன. அவை கிழிகிற வரைக்கும் போதும்.

கறிக்கடைக்கு மூடி போட்ட எவர்சில்வர் டப்பா கொண்டுபோகிறேன். அதில் ஒரு சூட்சுமம் உண்டு. "அண்ணே, கவர் வேணாம், இதுல போடுங்க" என்று வெட்ட ஆரம்பிக்கும் முன்பே டப்பாவைத் தராசில் வைத்துவிட வேண்டும். அவர் எடையைப் பூஜ்யமாக்கிவிட்டுக் கறியைப் போடுவார். வெட்டி முடித்தபிறகு நீட்டினால் அதற்குள் கறுப்பு கவர் வந்திருக்கும்.

ஆனால் எங்கள் வீட்டில் உருப்படியான வேலை என்று நான் நினைப்பது சமையலறைக் குப்பையைத்தான். எல்லாவற்றையும் கலந்துகட்டிப் போட்டால் அது பெருங்குடி, கொடுங்கையூர் மாதிரியான கிடங்குகளில் மலையாகக் குவிகிறது. காற்றுப்படாத அடியில் கத்தரிக்காய்க் காம்பும் வாழைப்பழத் தோலும் அழுகி மீத்தேனாகின்றன. வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் அது கார்பன் டை ஆக்சைடைவிடப் பல மடங்கு மோசம். அதே தோல் மொட்டை மாடியில் காற்றுப்பட மக்கினால் உரம்.

உரம் போடக் கடையில் விற்கும் அடுக்குப் பானையெல்லாம் வேண்டாம். பழைய பெயிண்ட் வாளி இரண்டு, பக்கவாட்டிலும் அடியிலும் துளைகள், அவ்வளவுதான். அடியில் காய்ந்த இலை, மேலே அன்றைய தோல், அதற்கு மேல் மறுபடி ஒரு கை இலை. இலை குறைந்தால் நாறும், அதிகமானால் மக்காமல் அப்படியே கிடக்கும். நாறினால் கிளறிவிட்டு இன்னும் இலை போட வேண்டும். தொடக்கத்தில் புளித்த மோரைத் தண்ணீர் விட்டுத் தெளித்தோம். அது அம்மாவின் யோசனை. நடுவில் சாம்பல் நிறத்தில் தடித்த புழுக்கள் நெளியும். அதைப் பார்த்துத்தான் பலர் வாளியையே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அவை பெரும்பாலும் கறுப்புச் சிப்பாய் ஈயின் புழுக்கள். நம்மைவிட வேகமாக வேலையை முடித்துவிடும். வளர்ந்த ஈ வீட்டுக்குள் வந்து சோற்றில் உட்காராது. ஒரு வாளி நிரம்பியதும் மூடி ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்குவோம். தயாரான உரம் காப்பித்தூள் மாதிரி உதிரும். மீன் செதிலும் மிஞ்சிய குழம்பும் மட்டும் நாங்கள் போடுவதில்லை. பக்கத்து வீட்டுப் பூனை சும்மா இருக்காது.

இதில் பெரிய சிக்கல் காய்ந்த இலைதான். மாசி, பங்குனியில் தெருவெல்லாம் வேப்பிலை கொட்டும். கூட்டிக் குவித்துக் கொளுத்திவிடுவார்கள், அந்தப் புகையில் அம்மாவுக்கு இருமல் வரும். தெரு கூட்டும் அக்காவிடம் கேட்டேன். "இதையா சார் கேக்குறீங்க?" என்று சிரித்துவிட்டு, சாக்கில் கட்டி வைக்க ஆரம்பித்தார். நான்கைந்து சாக்கு இருந்தால் வருஷம் ஓடிவிடும்.

அடுத்தது மின்விசிறி. சாதாரண விசிறி சுமார் 75 வாட் இழுக்கும், மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார் வைத்த பிஎல்டிசி (BLDC) விசிறி 30 வாட் அளவில் நிற்கும். தினம் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு விசிறிக்கே 40 யூனிட் மிச்சம். தமிழ்நாட்டில் கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, 500 யூனிட்டைத் தாண்டினால் அதிகக் கட்டண வரிசைக்குப் போய்விடும் என்பதால் பில்லிலும் வித்தியாசம் தெரிகிறது. வீடு மாறும்போது கழற்றி எடுத்துக்கொள்ளலாம். வாடகைக்காரனுக்கு இது முக்கியம். இன்னொன்று, பழைய பெட்டி ரெகுலேட்டரில் வேகத்தைக் குறைத்தால் மின்சாரம் பெரிதாக மிச்சமாகாது, அந்தப் பெட்டிதான் சூடாகும்.

ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை வாளியில் பிடித்துத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் பயன்படுத்துகிறோம். செடிக்கு ஊற்றுவதில்லை, உப்பு அதிகம்.

செய்யாதவையும் உண்டு. மே மாதம் ஏசி ஓடும், 26இல் வைத்து விசிறியையும் போட்டுக்கொள்வோம். அலுவலகத்துக்கு இன்னும் பைக்தான், ஏனென்றால் ரயில் நிலையத்திலிருந்து அங்கே போக ஷேர் ஆட்டோகூடக் கிடையாது.

கூரையில் சோலார் போட ஆசை. 3 கிலோவாட்டுக்கு ஒன்றிய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. ஆனால் கூரையும் மின் இணைப்பும் வீட்டுக்காரருடையவை. போன வாரம்கூடக் கேட்டேன். "பார்க்கலாம் தம்பி, மொதல்ல அந்த விசிறி என்ன விலைன்னு சொல்லு" என்றார்.